மதியம் ஒரு மணிக்கு எழுதிய இரவு எட்டு மணி

நடந்தவை, வரிசைப்படி:

1. நடவுக்குச் சேறு கலக்கிய அன்று காலை நைனா வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தபோது இடது கால் ஒத்துக்கொள்ளவில்லை. (நைனா என்றால் அப்பா. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரா. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர்.)

2. ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றார்கள். ஒன்பது நாள் அங்கே இருந்தோம்.

3. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். பேச்சு திரும்பிவிட்டது. முதலில் மாட்டை விசாரித்தார், பிறகு நாற்றை, அதன்பிறகு அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டார்.

4. ஒரு மாதத்தில் கால் நடக்கத் தொடங்கியது. இடது கை வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி, எதையோ ஒளித்து வைத்திருக்கிற மாதிரி நின்றன.

5. என் லீவு தீர்ந்தது. கும்மிடிப்பூண்டியில் நான் பார்க்கும் வேலைக்குத் திரும்பினேன்.

6. திரும்புவதற்கு முன்பு நைனாவைக் கவனிக்க ஒரு செக் ஷீட் தயாரித்துச் சுவரில் ஒட்டினேன்.

7. நான்கு வாரம் அந்த ஷீட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

8. நான்கு வாரம் கழித்து நைனாவின் கை முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

ஏழையும் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் கம்பெனியில் என்னை வைத்திருக்கிறார்கள். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். கார்களுக்குள் போகிற சின்ன இரும்பு வளையங்களைச் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மணிக்கு ஐந்து வளையம் எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பேன். மெஷின் ஓட்டுபவர் எழுதிய ரீடிங்கும் நான் எடுத்த ரீடிங்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். ரொம்ப அழகாக ஒத்துப்போனால் சந்தேகப்படுவேன். இதெல்லாம் கம்பெனியில். வீட்டுச் சுவரில் நூற்றுக்கு நூறைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தேகம் இல்லை, பெருமை.

கைக்கு வருகிறேன். லீவு தீர்வதற்கு முன்பே திருவள்ளூரில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் போனோம். என் வயதுதான் இருக்கும், என்னைவிட அதிகமாகச் சிரிப்பார். முதல் நாளே நைனாவிடம் கேட்டார்.

"இந்தக் கை சரியானா மொதல்ல இன்னா பண்ணணும்னு ஆசை சார்?"

நைனா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மேலே ஃபேனைப் பார்த்தார்.

"லுங்கி கட்டணும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் எங்களுக்கு அது தெரிந்த விஷயம். ஒற்றைக் கையால் சட்டை போடலாம், பல் தேய்க்கலாம், தோசை தின்னலாம். லுங்கி மட்டும் கட்ட முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அம்மாதான் கட்டிவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்த முடிச்சு மாட்டுக்கயிற்று முடிச்சு. அது அவிழாது, அவிழ்க்கவும் முடியாது. அவசரமாகப் பின்பக்கம் போகவேண்டிய நேரங்களில் நைனா வாசலிலிருந்து கத்துவார். அம்மா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். அறுபது வயதை எட்டப்போகிற ஒரு மனுஷன், நாலு ஏக்கர் நெல் போடுகிறவர், இதனால் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. ரோட்டோரத்து டீக்கடையில் அவர் கூட்டாளிகள் தினமும் உட்கார்ந்திருப்பார்கள். நடந்தால் ஐந்து நிமிடம். நடக்கக் கால் இருந்தது. நடுவழியில் லுங்கி நழுவினால் பிடிக்கக் கை இல்லை.

நான் ஒரு ட்ராக் பேன்ட் வாங்கிவந்தேன்.

"இன்னாது இது?"

"ட்ராக் பேன்ட் நைனா. எலாஸ்டிக். இழுத்து மேல ஏத்திக்கினா போதும்."

"நான் இன்னா போலீஸ் செலக்சனுக்கா போறேன்?"

"டீக்கடைக்குப் போலாம்ல?"

"இத்த மாட்டிக்கினு போனா, காலைல எத்தினி ரவுண்டு ஓடுனன்னு கேப்பானுங்க. எனக்கு லுங்கிதான் வேணும்."

டாக்டர் சொன்ன பயிற்சிகள் எளியவை. பந்தைப் பிடித்து விடுவது. வலது கையால் இடது விரல்களை ஒவ்வொன்றாக விரிப்பது. துணி க்ளிப்பைக் கொடிக்கயிற்றில் மாட்டி எடுப்பது. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் புளியங்கொட்டை நாற்பது. நாளைக்கு மூன்று வேளை. "மொதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

என் ஷீட் இதைவிட விரிவானது. எழுந்ததும் பிரஷர், மாத்திரை, நாஷ்டா, நடை, பந்து, விரல், க்ளிப், கொட்டை, எண்ணெய் தேய்ப்பு, மறுபடி பிரஷர் என்று முப்பத்தொரு வரி. ஒவ்வொன்றுக்கும் நேரம். இரண்டு நிறம். மூலையில் 'சரிபார்த்தவர்' என்று என் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

நான்காவது வாரம் மறுபடி போனோம். டாக்டர் விரல்களை விரித்துப் பார்த்தார். செல்போனில் நான் எடுத்து வைத்திருந்த ஷீட் படங்களைக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது சிரிக்கவில்லை.

"தெனமும் பண்றாரு?"

"மூணு வேளையும் மேடம்."

"சரி, சில பேருக்கு லேட்டாகும். ஆறு வாரம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள வெரல் தொறக்க ஆரம்பிக்கணும். இல்லன்னா ஜாயின்ட் எறுகிப் போய்டும், அப்பறம் ரொம்ப கஷ்டம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் நைனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் ஷீட்டில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கம்பெனி டிரான்ஸ்பார்மர் புகைந்து நின்றது. பதினொரு மணிக்கெல்லாம் எங்களை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மற்ற நாட்களில் ஓவர்டைம் முடிந்து வர ராத்திரி ஆகிவிடும்; அன்று வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று. அம்மா கழனியில். நைனா கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் நேராகச் சுவருக்குப் போய் நின்றேன்.

மாலை நான்கு மணி, பந்து: டிக்.

மாலை ஆறு மணி, புளியங்கொட்டை நாற்பது: டிக்.

இரவு எட்டு மணி, பிரஷர்: 132/84.

மறுபடி செல்போனில் மணி பார்த்தேன். ஒன்று ஐந்து.

"இன்னாமா, இத்தினி சீக்கிரம் வந்துட்ட? வேலைய வுட்டுத் தூக்கிட்டானுங்களா?"

"கரண்டு இல்ல. நைனா, இன்னிக்கி ராத்திரி எட்டு மணிக்கு உனக்கு பிரஷர் எவ்ளோ?"

நைனா ரிமோட்டைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். 130, 128, 133, 129, 131. எதுவும் அடுத்தடுத்து ஒரே எண் இல்லை. எதுவும் பயப்படும்படி இல்லை. கைதேர்ந்த வேலை. எங்கள் லைனில் ஒருவர் எட்டு மணி நேரத்துக்கும் ஒரே ரீடிங்கை எழுதி என்னிடம் மாட்டிக்கொண்ட கதையை நான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். சாப்பிடும்போது, சிரிக்கச் சிரிக்க.

"இத்த யாரு எழுதுனது?"

"உங்கம்மாதான். ஒரே நம்பரா எழுதப் போனா. நான்தான் சொன்னேன், அப்படி எழுதாதமே, உம்பொண்ணு புடிச்சிடும், கொஞ்சம் ஏத்தி எறக்கிப் போடுன்னு." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான்கு வாரத்தில் அவர் வளர்த்துக்கொண்ட திறமை அது ஒன்றுதான்.

"அப்ப கொட்டை?"

"மொதல் ரெண்டு நாளு பொறுக்குனேன். கீழ வுழுந்துச்சி. உங்கம்மா பொறுக்கிப் போட்டா. அப்பறம் நேரா அவளே அந்தக் கிண்ணத்துல கொட்டிட்டா. வேல முடிஞ்சிது."

"உன் கைதானே நைனா?"

அவர் டிவியைப் பார்த்தார். "அது வராதும்மா" என்றார். "வராததுக்கு எதுக்கு தெனம் மூணு வாட்டி அழுவுறது."

அம்மாவுக்காகக் காத்திருந்தேன்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு நடந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலிலிருந்தும் அடுத்த ஏன். ஐந்தாவதில் வேர் கிடைத்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மணிக்குத் தலையில் புல்லுக்கட்டோடு வந்த அம்மாவிடம் நான் அதை ஆரம்பித்தேன். பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் புல்லுக்கட்டோடு வருகிறவரிடம் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஏம்மா எல்லாத்தையும் முன்னாடியே எழுதின?"

"அப்பறம் டைம் இருக்காது."

"ஏன் இருக்காது?"

"மாடு கீது, களையெடுக்க ஆளு வந்துகீது, சொசைட்டிக்குப் பால் போவணும், சோறு ஆக்கணும், உங்க நைனா லுங்கிய அவுக்கணும், கட்டணும்."

"ஏன் எல்லாத்தையும் நீயே பண்ற?"

அம்மா கட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பின்ன, மாடா பண்ணும்?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"நீ ஊட்டுக்குள்ள வந்ததும் எங்க போற? நேரா சொவத்தாண்ட. செருப்பக்கூட கயட்ட மாட்ட. அல்லாம் டிக்கு இருந்தா சிரிப்ப. ஒண்ணு இல்லன்னா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு சோறு துன்ன மாட்ட. கம்பெனில பேஜாரு புடிச்சி வர்ற பொண்ணு, ஊட்டுலயாவது சிரிக்கட்டுமேன்னு போட்டு வுட்டேன்."

ஐந்தாவது ஏனை நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் முப்பத்தொரு வரிக்கும் பக்கத்தில் யார் செய்வது என்று பெயர் எழுதிப் பார்த்தேன். அம்மா: இருபத்தைந்து. நான்: நான்கு. நைனா: ஒன்றுமில்லை. மீதி இரண்டு யாருடைய வேலை என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் எப்படியோ நடந்துகொண்டிருந்தன. அப்படியானால் அதுவும் அம்மாதான். என் நான்கு வேலைகள்: ரீடிங் சரிபார்ப்பது, டிக் சரிபார்ப்பது, வாரக் கடைசியில் போட்டோ எடுப்பது, புதுத் தாள் ஒட்டுவது.

கம்பெனியில் வளையம் தட்டில் கிடக்கும். ஒருவர் செய்வார், ஒருவர் அளப்பார். என் ஷீட்டில் அம்மா செய்பவர், நான் அளப்பவர். நைனாவை வளையத்தின் இடத்தில் போட்டிருந்தேன். வளையம் சும்மா கிடந்ததில் ஆச்சரியம் இல்லை.

முதலில் ஓவர்டைமை விட்டேன். பிறகு ஷிப்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு வாரம் ஏ ஷிப்ட், காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு. அடுத்த வாரம் பி ஷிப்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. பி ஷிப்ட் வாரத்தில் நான் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. ஷிப்ட் இன்சார்ஜிடம் போனேன். கவரைப்பேட்டைக்காரர், தாளைக் கண்டாலே பயப்படுவார். நான் ஏழு காரணங்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"எப்பவுமே ஏ ஷிப்டா? உனக்குக் குடுத்தா அல்லாரும் கேப்பாங்களேம்மா."

"ஏழு பாயின்ட் இருக்கு சார்."

"மொத பாயின்ட்ட மட்டும் சொல்லு."

"எங்க நைனாவுக்குக் கை வரணும்."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "இதுக்கு எதுக்கும்மா மீதி ஆறு? எவங்களாவது மாத்திக்க ஒத்துக்கினா எனக்கு ஒண்ணும் இல்ல. போயி கேளு."

என்னோடு அதே ரூமில் மூன்று வருடமாக மைக்ரோமீட்டர் பிடிக்கிற ஒரு அக்கா இருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தை. வீட்டுக்காரர் பக்கத்துக் கம்பெனியில் எப்போதும் காலை வேலை.

"அக்கா, ஏ ஷிப்ட் எனக்கு, பி ஷிப்ட் உங்களுக்கு. எப்பவுமே. முடியுமா?"

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அடிப்பாவி! காலைல நான், சாயந்தரம் அவருன்னு கொழந்தையப் பாத்துக்கலாம்னு ஆறு மாசமா மனசுல வச்சிக்கினு இருக்கேன். உங்கிட்ட கேட்டா தப்பா நெனச்சிக்குவன்னு வாயத் தொறக்கல."

மூன்று வருடம் நாங்கள் இருவரும் தினமும் டிபன் பாக்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதைப் பேசியதில்லை.

அடுத்தது ஷீட். பழையதைக் கிழித்தேன். புதியதில் நான்கே வரி: பந்து, விரல், க்ளிப், கொட்டை. மாட்டுக்கும் சோற்றுக்கும் மாத்திரைக்கும் அதில் இடமில்லை. சுவரில் ஒட்டவில்லை, ஒரு பரீட்சை அட்டையில் செருகி, கட்டிலில் நைனாவின் இடது பக்கம் வைத்தேன். ஒரு தடித்த மார்க்கர் பேனாவில் பழைய துணியைச் சுற்றி, மடங்கிய விரலுக்குள் நிற்கிற அளவுக்குப் பருமனாக்கினேன். ஒரே ஒரு விதி. டிக்கை நைனாதான் போட வேண்டும், இடது கையால்.

எங்கள் லைனில் சில அச்சுகள் இப்படி இருக்கும். வளையத்தைத் திருப்பி வைத்தால் உள்ளேயே போகாது. தப்பு செய்யாதே என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

நைனா விதியைக் கேட்டார். யோசித்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப பொய்யா டிக் போடணும்னாலும் இந்தக் கையாலதான் போடணுமா?"

"ஆமா."

"இன்னாமே இது" என்று அம்மாவைக் கூப்பிட்டார், "பொய் சொல்லக்கூட எக்சசைஸ் பண்ண சொல்றா உம்பொண்ணு!"

முதல் டிக் மழைக்குப் பிறகு வெளியே வந்த மண்புழு மாதிரி இருந்தது. கட்டத்தில் தொடங்கி, தாளைத் தாண்டி, அட்டையில் முடிந்தது. முடிப்பதற்குள் நைனாவுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"இது டிக்கா?" என்றார்.

"டிக்தான்."

"கம்பெனில இத்த ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"இங்க மட்டும்?"

"இங்க கொஞ்சம் கூடக் கொறைய இருக்கலாம்னு வுட்டிருக்கேன்."

அன்று அவர் வேறு எதுவும் செய்யவில்லை. பந்தைத் தொடவில்லை. நாலு பொய் டிக் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். ஆனால் கை நாலு முறை வேலை செய்திருந்தது. மூன்றாம் நாள், "எப்படியும் இத்தினி கஷ்டப்பட்டு டிக்குப் போடறேன், சும்மா போடுவானேன்" என்று கொட்டைக் கிண்ணத்தைக் கேட்டார்.

அம்மாவுக்குத்தான் இந்தத் திட்டத்தில் அதிகக் கஷ்டம். கொட்டை கீழே விழுந்தால் எடுக்கக் கூடாது. க்ளிப் நழுவினால் பிடிக்கக் கூடாது. இருபது வினாடி பொறுப்பாள், பிறகு கை தானாக நீளும். "தொடாதம்மா" என்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து போய்விட்டாள். "நான் மாட்டாண்டயே இருக்கேன். அதுவாவது எங்கைய வேணான்னு சொல்லாது."

மாட்டிடமும் நான் போட்டிக்குப் போனேன். சாயங்காலக் கறவையை என் கணக்கில் எடுத்துக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு நான் மடியைத் தொட்டதில்லை. மாடு திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் எத்தனை 'ஏன்' இருந்ததோ தெரியாது, பாத்திரத்தை உதைத்தது. மறுநாள் பாதி தந்தது. சொசைட்டியில் பால் அளக்கிறவர் கேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, இன்னிக்கி மாடு ஆப் டேவா?"

"ஆளு புதுசுண்ணே."

"மாடா?"

"நானு."

ஒரு வாரத்தில் பழகிவிட்டது, மாட்டுக்கு. ராத்திரிச் சமையலும் எனக்கு வந்தது. நைனா என் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, கம்பெனியில் இதை அனுப்பிவிடுவார்களா, திருப்பிவிடுவார்களா என்று கேட்டார்.

மூன்றாவது வாரம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் துணியின் ஓரத்தைப் பிடித்தன. லுங்கிக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். எந்த வேலையையும் ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதினால்தான் எங்கே கோளாறு என்று தெரியும். கட்டிலில் நோட்டோடு உட்கார்ந்து, "எப்பிடிக் கட்டுவ, ஒவ்வொண்ணா சொல்லு" என்றேன். நாற்பது வருடமாகக் கட்டுகிறவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் எந்தக் கை என்பதிலேயே சண்டை. கண்ணை மூடி, நின்றுகொண்டு, இல்லாத லுங்கியைக் காற்றில் கட்டிக் காட்டினார். மூன்று முறை கட்டியபின் நான் ஒன்பது ஸ்டெப் எழுதினேன். படித்துக் காட்டினேன்.

"ஒம்போதா?" என்றார். "இத்தினியா தெனம் பண்ணிக்கினு இருந்தேன்?"

ஒன்பதில் இடது கைக்கு இரண்டே வேலைதான். மூன்றாவது ஸ்டெப்பில் ஓரத்தை இடுப்பில் அழுத்திப் பிடிக்க வேண்டும். எட்டாவதில், வலது கை மடிப்பைச் செருகும்வரை விடக் கூடாது. அதை அவரிடம் சொன்னபோது முகம் மாறியது. மொத்தக் கையும் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு விரல், இரண்டு இடம் என்றால் வேறு கதை. புதுத் தாளில் ஐந்தாவது வரியை அவரே சேர்க்கச் சொன்னார்.

பயிற்சியின்போது உள்ளே ட்ராக் பேன்ட் போட வேண்டும் என்றேன். மெஷினில் ஒரு தடுப்பு போனால் இன்னொரு தடுப்பு இருக்க வேண்டும், அது போல. வெளியே தெரியாது என்று உறுதி கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டார். முதல் வாரம் பத்து முறை கட்டினால் ஒன்பது முறை தரையில் கிடந்தது. குனிந்து எடுப்பார், மறுபடி மூன்றாவது ஸ்டெப்பில் திட்டுவார். அந்தத் திட்டுகளை எழுதவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "டீக்கடைக்குப் போலாம் வா" என்றார். தானே கட்டியிருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடப் போனேன். வாசல் தாண்டியது. பால் சொசைட்டி தாண்டியது. டீக்கடைக்கு இருபது அடி இருக்கும்போது லுங்கி மெதுவாக, அவசரமே இல்லாமல், கணுக்காலுக்கு இறங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் டம்ளரோடு நிமிர்ந்தார்கள். நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட ட்ராக் பேன்ட் ஊருக்குத் தெரிந்தது.

ஒருவர் கேட்டார். "இன்னாபா, உள்ள ஒரு செட்டு, வெளில ஒரு செட்டா?"

"சேப்டி ரூலு" என்றார் நைனா. "எம்பொண்ணு கம்பெனில அல்லாத்துக்கும் ரெண்டு போடுவாங்க."

குனிந்து லுங்கியை எடுத்தார். யாரோ உதவிக்கு எழுந்தார்கள். "ஒக்காருடா" என்றார். அங்கேயே, ரோட்டோரத்தில் நின்று கட்டத் தொடங்கினார். நான் மனதுக்குள் ஸ்டெப் எண்ணினேன். மூன்றில் விரல் வழுக்கியது. மறுபடி முதலிலிருந்து. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற லாரி ஒன்று தூசியை வாரி இறைத்துவிட்டுப் போனது. எட்டில் கை நடுங்கியது, ஆனால் விடவில்லை. வலது கை செருகிவிட்டது. பெஞ்சில் ஒருவர் தள்ளி இடம் விட்டார். "டீ ஆறிப்போச்சி, வேற போடுடா" என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டார். நைனா வழக்கமாக உட்காருகிற ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் எழவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கு அங்கே வேலை இல்லை. பக்கத்து மரத்தடியில் நின்று செல்போன் பார்த்தேன், ஒன்றும் படிக்கவில்லை.

டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்து திருவள்ளூர் போனோம். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அளந்தார். நான் அட்டையைக் கொடுத்தேன். மண்புழுக்கள் கடைசிப் பக்கத்தில் ஓரளவு டிக் மாதிரி ஆகியிருந்தன. நடுநடுவே காலிக் கட்டங்கள். நைனாவுக்குக் கோபம் வந்த நாட்கள், மழை நாள், டிவியில் ஏதோ மேட்ச்.

"போன தடவ ஒரு கட்டம்கூட காலியா இல்லையே?"

நடந்ததைச் சொன்னேன். இரவு எட்டு மணி பிரஷரைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "எனக்கு அப்பவே டவுட்டு. எந்த ஊட்டுலயும் மூணு வேளையும் நடக்காது. உங்க மூஞ்சப் பாத்துட்டு சொல்லல."

"எல்லாரும் எம்மூஞ்சப் பாத்துதான் சொல்லாம இருந்திருக்காங்க மேடம்."

"அவ மூஞ்சி அப்பிடி" என்றார் நைனா.

இப்போது நிலைமை இது. நைனாவின் நான்கு விரல்களும் முக்கால்வாசி விரிகின்றன. கட்டை விரல் இன்னும் உள்ளே மடங்கித்தான் இருக்கிறது; அது வரும், வராது என்று டாக்டர் எதையும் சொல்லவில்லை. லுங்கி கட்ட நான்கு நிமிடம் ஆகிறது, பத்துக்கு ஏழு முறை நிற்கிறது. பிரஷரை ராத்திரி எட்டு மணிக்கே பார்க்கிறோம், சில நாள் 150 இருக்கிறது, அதையே எழுதுகிறோம். அம்மாவிடம் பதினான்கு வேலை இருக்கிறது; அதுவும் அதிகம்தான், ஆனால் மதியம் அரை மணி நேரம் தூங்குகிறாள். நான் ஏ ஷிப்டில் இருக்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.